கல்லாவில் காசு இல்லை, போனில் இருக்கிறது: ஜெராக்ஸ் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடிப் பக்கம் ஒரு பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களைவிட, போனை நீட்டி "இது என்னன்னு கொஞ்சம் பாருங்களேன்" என்று வருகிறவர்கள்தான் இப்போது அதிகம். ஒரே பதிலை ஒரு நாளில் ஐந்து பேருக்குச் சொல்லித் தொண்டை வற்றியதால் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகள் எல்லாம் அவரவர் வாயில் வந்தபடியே இருக்கின்றன. நான் வங்கியில் வேலை பார்த்தவன் இல்லை; கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததையும், தேடிப் படித்ததையும்தான் சொல்கிறேன்.

"யூபிஐன்னாலும் ஜிபேன்னாலும் ஒண்ணுதானே?"

இல்லை. யூபிஐ ரோடு மாதிரி. ஜிபே, போன்பே, பேடிஎம், பீம் எல்லாம் அதில் ஓடுகிற பஸ்கள். ரோட்டைப் போட்டுப் பராமரிப்பது என்பிசிஐ என்ற அமைப்பு. 2016 ஏப்ரலில் 21 வங்கிகளோடு சோதனையாக ஆரம்பித்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 8ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. டிசம்பர் கடைசியில் பீம் ஆப் வந்தது. அப்போது பழகியவர்கள் விடவில்லை, பழகாதவர்களைக் கொரோனா பழக்கிவிட்டது. 2025 ஆகஸ்டில் முதன்முறையாக ஒரே மாதத்தில் 2,000 கோடி முறைக்கு மேல் இந்த வழியில் பணம் கைமாறியிருக்கிறது.

பஸ் நின்றால் வேறு பஸ் ஏறலாம். ரோடே அடைபட்டால் எந்தப் பஸ்ஸும் போகாது. பின்னால் வரும் பாதிக் கேள்விகளுக்கு இந்த வித்தியாசம் தேவைப்படும், அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

"ஜிபேல எவ்வளவு காசு வெச்சிருக்கேன்னு பாருங்க தம்பி."

ஜிபேயில் காசே கிடையாது, அம்மா. காசு உங்கள் வங்கிக் கணக்கில்தான் இருக்கிறது. அதை இங்கிருந்து அங்கே நகர்த்தச் சொல்லும் ரிமோட் மாதிரிதான் அந்த ஆப். ஆப்பை அழித்தாலும் பணம் போகாது.

ஒரே விலக்கு யூபிஐ லைட். அதில் 5,000 ரூபாய் வரை தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை பின் நம்பர் போடாமலே கொடுக்கலாம். சட்டைப் பை சில்லறை என்று வைத்துக்கொள்ளுங்கள். பின் கேட்காது என்பதால், திறந்து கிடக்கும் போனை எடுத்தவரும் அதைச் செலவழிக்கலாம். நான் அதில் 500 ரூபாய்க்கு மேல் வைப்பதில்லை.

"காசு வாங்கறதுக்கும் பின் நம்பர் போடணுமாமே?"

போடவே கூடாது. பேலன்ஸ் பார்ப்பதைத் தவிர, பின் நம்பர் கேட்கிறதென்றால் உங்கள் கணக்கிலிருந்து பணம் வெளியே போகப்போகிறது என்று அர்த்தம். பழைய கட்டில், பீரோ விற்க விளம்பரம் போட்டவர்கள்தான் இதில் அதிகம் மாட்டினார்கள். "அட்வான்ஸ் அனுப்பியிருக்கேன், பின் போட்டு வாங்கிக்குங்க" என்று ஒருவன் சொல்வான். வந்திருப்பது பணம் இல்லை, பணம் கேட்கும் கோரிக்கை. ஆளுக்கு ஆள் இப்படிக் கோரிக்கை அனுப்பும் வசதியையே 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள். ஆனால் க்யூஆரை அனுப்பி "இதை ஸ்கேன் பண்ணினா உங்களுக்குப் பணம் வரும்" என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

"என் அக்கவுன்ட்ல எடுத்துடுச்சு, அவருக்கு வரலைங்கிறார். யார் சட்டையைப் பிடிக்கிறது?"

முதலில் யார் சட்டையையும் பிடிக்க வேண்டாம். பெண்டிங் என்று காட்டினால் திரும்பத் திரும்ப அனுப்பாதீர்கள். இரண்டும் ஏறிவிட்டால் அப்புறம் அது வேறு தலைவலி.

ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரிலேயே இதற்கு விதி போட்டிருக்கிறது. ஆளுக்கு ஆள் அனுப்பிய பணம் போய்ச் சேரவில்லை என்றால் மறுநாளைக்குள் தானாகத் திரும்பி வரவேண்டும். கடைக்குக் கொடுத்தது என்றால் ஐந்து நாள் வரை அவகாசம். அதற்கு மேல் இழுத்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்கு நஷ்டஈடு. இப்படி ஒரு விதி இருப்பதைப் பல வங்கிக் கவுன்டர்களில் நாம்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் 12 இலக்க எண் ஒன்று இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு ஆப்பிலேயே புகார் செய்யுங்கள், பிறகு வங்கியில் எழுதிக் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம், கட்டணம் இல்லை.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். கூகுளில் "கஸ்டமர் கேர் நம்பர்" என்று தேடி, முதலில் வருகிற நம்பருக்குப் போன் போடாதீர்கள். 600 ரூபாயைத் தேடிப் போய் 40,000 ரூபாயை விட்டுவிட்டு வந்தவர் ஒருவர் என் கடை பெஞ்சில்தான் உட்கார்ந்து அழுதார்.

"தெரியாம வேற யாருக்கோ அனுப்பிட்டேன். வருமா?"

மேலே சொன்னதும் இதுவும் வேறு வேறு. அங்கே கோளாறு இயந்திரத்துக்கு. இங்கே நீங்கள் சொன்னதை அது சரியாகவே செய்திருக்கிறது. அதனால் தானாகத் திரும்பாது. வாங்கியவர் சம்மதிக்காமல் அவர் கணக்கில் வங்கி கை வைக்காது. உடனே வங்கியில் சொல்லிவிட்டு, முடிந்தால் அவரிடமே பேசுங்கள். எனக்குத் தெரிந்து இப்படிப் போனதில் பாதிப் பேருக்குத் திரும்பி வந்திருக்கிறது. நல்லவர்கள் இருக்கிறார்கள்.

நம்பர் போட்டதும் திரையில் வருகிற பெயரைப் படித்துவிட்டு அனுப்புங்கள். "பேரெல்லாம் யார் பார்க்கிறது" என்பவர்கள்தான் இந்தக் கேள்வியோடு வருகிறார்கள்.

"சார்ஜே பிடிக்கலையே, அவங்களுக்கு என்ன லாபம்?"

நல்ல கேள்வி, அதிகம் பேர் கேட்பதில்லை. கார்டு தேய்த்தால் கடைக்காரரிடம் குறிப்பிட்ட சதவீதம் பிடிப்பார்கள் அல்லவா, அதை யூபிஐக்கு 2020 ஜனவரி 1 முதல் அரசு பூஜ்யமாக்கிவிட்டது. அதற்கு ஈடாக வங்கிகளுக்கும் ஆப்களுக்கும் அரசே கொஞ்சம் கொடுக்கிறது. 2024-25க்குச் சிறு கடைகளில் 2,000 ரூபாய்க்கு உட்பட்ட பரிவர்த்தனைகளுக்காக 1,500 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அது போதவில்லை என்று அந்தத் துறையினர் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஆப்களுக்கு வருமானம் வேறு பக்கத்திலிருந்து வருகிறது: ரீசார்ஜில் வைக்கும் கூடுதல் ரூபாய், கடன், காப்பீடு, தங்கம், பணம் வந்ததும் என் கவுன்டரில் கத்திச் சொல்லும் சவுண்ட் பாக்ஸின் மாத வாடகை. எல்லாரும் பழகிய பிறகு கட்டணம் வருமா என்று கேட்டால், என்றைக்காவது ஏதோ ஒரு உருவத்தில் வரும் என்றுதான் நான் நினைக்கிறேன். அன்றைக்கு ரொக்கம் என்ற வேறு வழி கையில் இருந்தால் பேரம் பேசலாம்.

"சர்வர் டவுன்ங்கிறாங்களே, யாரோட சர்வர்?"

பெரும்பாலும் உங்கள் வங்கியுடையது, அல்லது எதிராளியின் வங்கியுடையது. இரண்டு வங்கியில் கணக்கு வைத்திருந்தால் மற்றதை வைத்து முயற்சி செய்யலாம். சில சமயம் ரோடே அடைபடும். 2025 மார்ச் 26ஆம் தேதி அப்படி ஆனது. இரண்டு வாரம் கழித்து ஏப்ரல் 12, சனிக்கிழமை, மணிக்கணக்கில் நாடு முழுக்கத் திணறியது. அன்று என் எதிர்க்கடை ஹோட்டலில் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, வாட்சைக் கழற்றி வைத்துவிட்டுப் போனவரைப் பார்த்தேன்.

அந்த ஏப்ரல் கோளாறுக்குக் காரணம் கொஞ்சம் வேடிக்கையானது. பணம் போனதா, போனதா என்று வங்கிகளின் கணினிகள் ஓயாமல் விசாரித்ததில், விசாரணைக் கூட்டமே வாசலை அடைத்துவிட்டது. அதன் பிறகுதான் கட்டுப்பாடு வந்தது. 2025 ஆகஸ்ட் முதல் ஒரு ஆப்பில் ஒரு நாளைக்கு 50 தடவைக்கு மேல் பேலன்ஸ் பார்க்க முடியாது. "ஒரு நாளைக்கு 50 தடவை யார் பார்ப்பாங்க" என்று சிரித்தால், மாதக் கடைசியில் என் கடைக்கு வந்து பாருங்கள்.

"டவர் இல்லாத ஊர்ல என்ன பண்றது?"

இன்டர்நெட் இல்லை, ஆனால் பேச டவர் இருக்கிறது என்றால் வழி உண்டு. வங்கியில் பதிவான நம்பரிலிருந்து *99# போட்டால் மெனு வரும், தமிழிலும் வரும். 5,000 ரூபாய் வரை அனுப்பலாம். பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு 2022இல் யூபிஐ 123 பே என்று ஒன்று வந்தது. ஒரு நம்பருக்குப் பேசியே பணம் அனுப்பலாம், இப்போது 10,000 வரை. இவற்றை வீட்டில் சாவகாசமாக இருக்கும்போது ஒரு தடவை செய்து பழகிக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு முதல் தடவையாக முயன்றால் வராது.

டவரே இல்லை என்றால் போனில் இருக்கும் பணம் பெரும்பாலும் உங்களுக்கு உதவாது.

"கஜா மாதிரி ஒண்ணு திரும்ப வந்தா?"

எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துப் பதில் சொல்வேன். 2018 நவம்பர் 16 விடிகாலை வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறியது. தென்னை போனது எல்லாருக்கும் தெரியும். லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களும் போயின. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர 18 நாள் ஆனது. உள்ளே தள்ளி இருந்த கிராமங்களுக்கு இன்னும் அதிகம். செல்போன் டவர்கள் டீசல் இருந்தவரை ஓடின, பிறகு படுத்துவிட்டன. ஜெனரேட்டர் வாடகைக்கு வந்தது. ஒரு போனை முழுசாக சார்ஜ் ஏற்ற 20, 30 ரூபாய் வாங்கினார்கள்.

அந்த 18 நாளும் ஊர் ஓடியது இரண்டு பொருளால். ஒன்று சட்டைப் பையில் இருந்த நோட்டு, இன்னொன்று மளிகைக் கடை அண்ணாச்சியின் கடன் நோட்டு. அன்றைக்கு இங்கே யூபிஐ வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான், அதனால் யாருக்கும் அது நின்றது தெரியவில்லை. இன்றைக்கு அதே புயல் அடித்தால்? என் வாடிக்கையாளர்களில் பத்துக்கு ஏழு பேர் பர்ஸே எடுத்து வருவதில்லை. அண்ணாச்சியும் கடன் நோட்டை மூடிவிட்டார். "ஜிபே பண்ணிடுங்க" என்பதுதான் இப்போது பேச்சு. யாருக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்று மனதில் ஒரு கணக்கு வைத்திருப்பார் பாருங்கள், அந்தப் பழக்கமும் சேர்ந்து போய்விட்டது. நோட்டாவது ஏடிஎம் திறந்தால் கிடைக்கும்.

சென்னைக்காரர்களுக்கு இதன் முன்னோட்டம் 2016லேயே கிடைத்தது. நோட்டு செல்லாது என்று சொல்லி ஐந்து வாரம்கூட ஆகவில்லை, டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் அடித்தது. கையில் ரொக்கம் இல்லை, கார்டு தேய்க்கக் கரண்ட் இல்லை. ஐரோப்பாவில் 2025 ஏப்ரல் 28ஆம் தேதி ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் மொத்தமாக மின்சாரம் போனபோதும் இதே கதைதான்: பையில் ரொக்கம் இருந்தவர்கள் தண்ணீரும் பேட்டரியும் மெழுகுவத்தியும் வாங்கினார்கள், கார்டை மட்டும் நம்பியவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அப்ப வீட்டுல எவ்வளவு வெச்சிருக்கணும்?"

ஒரு வாரத்துக்குப் பால், காய், மருந்து, ஒரு தடவை ஆட்டோ, ஒரு தடவை பெட்ரோல். உங்கள் வீட்டுக் கணக்கு உங்களுக்குத்தான் தெரியும். எல்லாவற்றையும் 500 ரூபாய் நோட்டாக வைத்தால் பயன் இல்லை. கஜா நேரத்தில் பணம் இருந்தும் சில்லறை இல்லாமல் அரை லிட்டர் பாலுக்கு அலைந்தவன் நான். பத்தும் இருபதும் ஐம்பதுமாக வையுங்கள்.

"ஸ்கேன் மட்டும்தான், காசு வாங்க மாட்டேங்கிறார். சட்டப்படி சரியா?"

ரிசர்வ் வங்கிச் சட்டம் 1934, 26ஆம் பிரிவுப்படி ரூபாய் நோட்டு நாடு முழுக்கச் செல்லும் பணம். ஆனால் 15 ரூபாய் டீக்காக அந்தப் பிரிவை யாரும் வாதாடப் போவதில்லை. நார்வேயில் 2024 அக்டோபரிலிருந்து கடைகளில் ரொக்கமாகக் கொடுக்கும் உரிமையைத் தனியாகவே சட்டத்தில் வலுப்படுத்தியிருக்கிறார்கள். இங்கேயும் அப்படித் தெளிவாக ஒன்று எழுதினால் தேவலை.

இன்றைய நிலையில் கடைக்காரர் மறுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் திமிர் இல்லை, சில்லறைத் தட்டுப்பாடு. சரியான சில்லறையை நீட்டிப் பாருங்கள். நான் பார்த்தவரை யாரும் வேண்டாம் என்றதில்லை.

"ஜிபேல வாங்கினா இன்கம்டாக்ஸ் நோட்டீஸ் வருமாமே?"

இது 2025 ஜூலையில் பெங்களூரில் நடந்ததிலிருந்து கிளம்பிய பயம். அங்கே நோட்டீஸ் அனுப்பியது வருமான வரித்துறை இல்லை, கர்நாடக அரசின் வணிக வரித்துறை. ஜிஎஸ்டிக்காக. யூபிஐ வரவைப் பார்த்து ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு அனுப்பினார்கள். பேக்கரி, டீக்கடை, காய்கறிக் கடை என்று பலரும் க்யூஆரைக் கழற்றிவிட்டு "ரொக்கம் மட்டும்" என்று எழுதி ஒட்டினார்கள். பிறகு அரசு கொஞ்சம் இறங்கி வந்தது.

விதி எளிது. பொருள் விற்பவர் ஆண்டுக்கு 40 லட்சம், சேவை செய்பவர் 20 லட்சம் ரூபாய் விற்பனையைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். ரொக்கமாக வாங்கினாலும் இதே விதிதான். போனில் வாங்கினால் தடம் இருக்கிறது, அவ்வளவுதான். பச்சைக் காய்கறிக்கு வரியே கிடையாது. ஆனால் வந்த பணம் எல்லாம் விற்பனை இல்லை என்பதை நாம்தான் காட்ட வேண்டியிருக்கும். மச்சான் திருப்பித் தந்த கைமாற்றும் சீட்டுப் பணமும் அதே கணக்கில் விழுந்தால் பிரிப்பது கஷ்டம். கடைக்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

"ஒரு தப்பும் பண்ணலை, அக்கவுன்ட்டை முடக்கிட்டாங்க. ஏன்?"

இது என் நண்பருக்கு நடந்தது. புரோட்டா கடை. யாரோ ஒருவர் 340 ரூபாய்க்குச் சாப்பிட்டுவிட்டு ஸ்கேன் செய்திருக்கிறார். அந்த ஆள் கணக்குக்கு வந்த பணம், எங்கோ வடக்கே ஒருவரை ஏமாற்றி எடுத்த பணத்தின் வால். ஏமாந்தவர் புகார் செய்ததும், பணம் போன வழியெல்லாம் கணக்குகளை நிறுத்தச் சொல்லிப் போலீஸிலிருந்து வங்கிகளுக்குத் தகவல் போகிறது. அந்த வழியில் இவர் கடையும் இருந்தது. 340 ரூபாய்க்காக மொத்தக் கணக்கும் 23 நாள் முடங்கியது. மாவு வாங்க என்னிடம்தான் கைமாற்று வாங்கினார்.

இப்படி ஆனால் மூன்று விஷயங்களை வங்கியில் கேட்டு வாங்குங்கள்: எந்த மாநிலத்துக் காவல் நிலையம், புகார் எண் என்ன, சிக்கலான தொகை எவ்வளவு. பிறகு அந்த நிலையத்துக்கு உங்கள் கடைப் படம், பில், அன்றைய விவரத்தோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். சிக்கலான தொகையை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு மீதியை விடும்படி வங்கிக்கு எழுதிக் கொடுங்கள். நண்பருக்கு அந்தக் கடிதம்தான் உதவியது. கடைக் கணக்கு தனி, வீட்டுக் கணக்கு தனி என்று மேலே சொன்னது இங்கேயும் காப்பாற்றும்.

"போலீஸ்காரர் வீடியோ கால்ல வந்து, உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணிட்டோம்ங்கிறார்…"

போனை வைத்துவிடுங்கள். பயமுறுத்திப் பணம் பறிக்கும் ஏமாற்று இது. இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று கிடையவே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் இதைச் சொல்லி எச்சரித்தார். மாட்டுகிறவர்கள் படிக்காதவர்கள் இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர், அதிகாரி, கணக்கில் கொஞ்சம் பணமும் மனதில் சட்டத்துக்குப் பயமும் உள்ளவர்கள்.

பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் சொன்னால் வழியிலேயே மடக்க வாய்ப்பு உண்டு. உங்களுக்கே தெரியாமல், உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் பணம் எடுக்கப்பட்டிருந்தால், மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொல்லிவிட்டால் உங்களுக்கு நஷ்டம் இல்லை என்பது ரிசர்வ் வங்கியின் 2017 விதி. ஆனால் பின், ஓடிபி நீங்களே கொடுத்திருந்தால், சொல்லும் வரை போனது உங்கள் தலையில்தான். வெட்கப்பட்டுக்கொண்டு நாலு நாள் மறைப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

"அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பேரன்தான் எல்லாம் போட்டுத் தர்றான். பரவாயில்லையா?"

பேரன் நல்லவனாக இருந்தால் பரவாயில்லை. விளையாட்டாகச் சொல்லவில்லை. மகளிர் உரிமைத்தொகை மாதாமாதம் வங்கிக்கு வருகிறது. அந்தப் பணம் எப்போது வந்தது, எங்கே போனது என்று பேரனுக்குத் தெரிந்து பாட்டிக்குத் தெரியாத வீடுகள் எனக்குத் தெரியும். பேத்திகள் மேல் இன்னும் புகார் வரவில்லை.

வழி உண்டு. யூபிஐ சர்க்கிள் என்று 2024இல் வந்தது: கணக்கு வைத்திருப்பவர் இன்னொருவருக்குத் தன் கணக்கிலிருந்து செலவழிக்க அனுமதி தரலாம், மாதம் 15,000 ரூபாய் வரை வரம்பு வைத்து. அம்மாவின் பின்னை நீங்கள் வாங்குவதைவிட, உங்கள் கணக்கில் அம்மாவுக்கு அனுமதி கொடுப்பது கண்ணியமானது. கைரேகை வைத்துப் பணம் தரும் வங்கி முகவரிடம் போனால், எடுத்த தொகைக்கு ரசீது வாங்கச் சொல்லுங்கள். "ரேகை விழலை, இன்னொரு தடவை வைங்க" என்று சொல்லி இரண்டு முறை எடுத்த கதைகள் உண்டு.

ரேகை நிஜமாகவே விழாததும் உண்டு. நாற்று நட்டும் பாத்திரம் தேய்த்தும் தேய்ந்த விரல் அது. ரேஷன் கடைகளில் விரல் ரேகை வந்தபோது, இயந்திரம் ஒப்புக்கொள்ளாமல் திரும்பி வந்த பாட்டிகளைப் பார்த்தேன். முப்பது வருஷமாக அவரைத் தெரிந்த ரேஷன் கடைக்காரர் எதிரிலேயே நிற்கிறார், இயந்திரத்துக்குத்தான் அவரைத் தெரியவில்லை. இப்போது கருவிழி பார்க்கும் கருவியும் வந்திருப்பதால் கொஞ்சம் பரவாயில்லை.

"போன் தொலைஞ்சா எல்லாம் போச்சா?"

இல்லை. பின் தெரியாமல் வங்கிப் பணத்தை எடுக்க முடியாது. யூபிஐ லைட் மட்டும் விலக்கு, முன்பே சொன்னேன். முதலில் சிம்மை நிறுத்துங்கள், அடுத்து வங்கிக்குச் சொல்லுங்கள், பிறகு சஞ்சார் சாத்தி என்ற அரசு இணையதளத்தில் போனையே முடக்கலாம். அதற்கு ஐஎம்இஐ என்ற, போனின் அடையாள எண் வேண்டும். போன் வாங்கிய பெட்டியில் இருக்கும், பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்.

இதைவிட ஆபத்து பழைய நம்பர். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட நம்பர் செயலிழந்து 90 நாள் ஆனதும் வேறொருவருக்குப் போகலாம். வங்கியில் இன்னும் அதே நம்பர்தான் இருக்கிறதென்றால் உங்கள் ஓடிபி அவர் போனில் ஒலிக்கும்.

"சர்டிபிகேட் எல்லாம் டிஜிலாக்கர்ல ஏத்திட்டேன். ஒரிஜினலைப் பரண்ல போட்டுடலாமா?"

ஜெராக்ஸ் கடைக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது! டிஜிலாக்கர் என்பது ஆவணங்களைப் போனில் வைத்துக்கொள்ள அரசு தரும் பெட்டகம். சட்டப்படி அதில் அரசு வழங்கிய ஆவணம் ஒரிஜினலுக்குச் சமம். வண்டிச் சோதனையில் செல்லும். ஆனால் தேர்வு அறைக்குள் போனைக் கொண்டு போக முடியாது. அடையாள அட்டையைப் போனில் மட்டும் வைத்துக்கொண்டு வந்து, தேர்வு தொடங்க அரை மணி இருக்கும்போது என் கடைக்கு மூச்சிரைக்க ஓடிவரும் பிள்ளைகள் வருஷா வருஷம் உண்டு. நீங்களே போட்டோ எடுத்து ஏற்றியது வெறும் படம்தான், அதற்கு அந்தச் சமமும் கிடையாது.

"எல்லாம் ரெண்டு கம்பெனி கையிலதான் இருக்காமே, அது ஆபத்தில்லையா?"

ஆபத்துதான். யூபிஐ பரிவர்த்தனையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கைப் போன்பேயும் ஜிபேயும் நடத்துகின்றன. ஒரு ஆப்புக்கு 30 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று என்பிசிஐ சொல்லி வருடங்கள் ஆயிற்று. கெடு தள்ளித் தள்ளி இப்போது 2026 டிசம்பர் கடைசிக்கு வந்து நிற்கிறது. இரண்டில் ஒன்று ஒரு நாள் படுத்தால் பாதி நாடு கடைவாசலில் நிற்கும்.

ஒரே இடத்தில் எல்லாம் தொங்கினால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19 காட்டியது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான அப்டேட்டால் உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் உறைந்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். எழுதத் தெரிந்த ஆளும் பேனாவும் அங்கே இருந்ததால் விமானம் கிளம்பியது.

"இன்னும் பத்து வருஷத்துல ரூபா நோட்டே இருக்காதா?"

எண்ணிக்கை வேறு கதை சொல்கிறது. 2016இல் நோட்டு செல்லாது என்றபோது நாட்டில் சுமார் 18 லட்சம் கோடி ரூபாய்க்கு நோட்டுகள் புழங்கின. இப்போது 35 லட்சம் கோடிக்கு மேல். யூபிஐ இத்தனை வளர்ந்தும் நோட்டு குறையவில்லை. டீக்கும் பஸ்ஸுக்கும் போனில் கொடுத்துவிட்டு, நோட்டைப் பீரோவில் பத்திரப்படுத்துகிறோம் போலிருக்கிறது. ரிசர்வ் வங்கி 2022 டிசம்பரில் சோதனையாக விட்ட டிஜிட்டல் ரூபாயை என் கடையில் இதுவரை ஒருவரும் நீட்டியதில்லை.

ரொக்கத்தைக் கிட்டத்தட்ட ஒழித்தே விட்ட நாடு சுவீடன். அந்த நாட்டு அரசுதான் 2024 நவம்பரில், நெருக்கடி வந்தால் சமாளிப்பது எப்படி என்று வீடு வீடாகக் கையேடு அனுப்பி, வீட்டில் கொஞ்சம் ரொக்கம் வையுங்கள் என்றும் சொன்னது.

"சரி, உங்க கடையில நீங்க என்ன பண்றீங்க?"

கவுன்டரில் இரண்டு க்யூஆர், இரண்டு வேறு வங்கி. காலையில் கடை திறந்ததும் க்யூஆர் மேல் யாராவது வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்களா என்று நகத்தால் சுரண்டிப் பார்ப்பேன். வாடிக்கையாளர் காட்டும் திரையை நம்புவதில்லை, சவுண்ட் பாக்ஸ் சொல்ல வேண்டும். அது சொல்லாவிட்டால் என் போனில் பார்ப்பேன். போனில் இரண்டு வேறு கம்பெனி சிம் இருக்கும், பவர் பேங்கில் எப்போதும் சார்ஜ் இருக்கும். இழுப்பறையில் ஒரு பிஸ்கட் டப்பாவில் 1,500 ரூபாய்க்குச் சில்லறை, அதைத் தொடுவதில்லை. பக்கத்தில் கோடு போட்ட நோட்டு ஒன்று. நெட் இல்லாத அன்று தெரிந்தவர்கள் பெயரை அதில் எழுதிக்கொண்டு அனுப்பிவிடுவேன். இதுவரை வராமல் போனது 46 ரூபாய்.

"இதை ஒரு காப்பி எடுத்துக்கலாமா?"

தாராளமாக. பக்கத்துக்கு 2 ரூபாய். சில்லறையாகக் கொடுத்தால் டப்பாவுக்கு ஆகும்.